பிரேக் ஆயில் வழிந்த வீதி

மேட்டுப்பாளையத்துப் பாறைமேட்டு வீதியை நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கீழ்ப் பக்கமிருந்து ஏறித்தான் போகவேண்டும், ஏனென்றால் அது பிறந்ததிலிருந்தே சரிந்து கிடக்கிற வீதி, மேல் கோடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது யாரும் தொடாமலே உருண்டு, எல்லா வாசலையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஊட்டி ரோட்டில் போய் ஏதாவது லாரிக்கடியில் உயிரை விடும். அந்த மேல் கோடி வீடு எங்கள் வீடு. அதன் முன்னால், பின்சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்திய பழைய வெள்ளைக் கார் எங்கள் கார்.

அந்தக் கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘டொம்’ என்று ஒரு சத்தம் போடும், பிறகு கிழவன் இருமுவதுபோல மூன்று தடவை ஆடும், ஆடி முடித்துத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். எதிர்வீட்டு ஆறுச்சாமி மாமா ஆயுசு முழுக்க ஊட்டி மலைக்கு பஸ் ஓட்டி ரிட்டயர்டானவர், வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஊஞ்சலில் உட்கார்ந்து வீதியை ஓட்டிக்கொண்டிருப்பவர். அவர் எங்கள் கார் ஆடுவதை ஒரு நாள் முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சிகாமணி, இதுக்கு வைத்தியம் பாக்காதே சாமி. காயலான் கடைக்காரனுக்கு ஒரு போன் போடு. வந்து தூக்கிக்குவான்.”

இதை அவர் என் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தால் அப்பா சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் பால்காரரிடம் சொன்னார், மாகாளியம்மன் கோயில் பூசாரியிடம் சொன்னார், கேபிள்காரப் பையனிடம் சொன்னார், அத்தனை பேரும் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் “இன்னும் குடுக்கலீங்களா?” என்று கேட்டார்கள், அதனால் அப்பா முன்பக்கத்து ஸ்ட்ரட் இரண்டையும் தன் கையாலேயே, தன் வீட்டு வாசலிலேயே, ஆறுச்சாமி மாமாவின் கண்ணுக்கு நேராகவே கழற்றிப் புதுசு மாட்டுவது என்று முடிவெடுத்தார். ஸ்ட்ரட் என்பது சக்கரத்துக்கும் காருக்கும் நடுவில் ஸ்பிரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற தூண், அது செத்தால் கார் ஆடும், இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்தார். வீடியோவில் இருந்தவன் இந்தியில் பேசினான். அப்பாவுக்கு இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது, இருந்தாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுச்சாமி மாமாவின் தொண்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மொழிபெயர்த்தேன்: “மேல மூணு நட்டு இருக்குது சாமி, அதைக் கடைசியாத்தான் கழட்டோணும், முன்னாடியே கழட்டுனீன்னா மொத்தமும் கால்மேல உழுந்துரும், அப்பறம் என்னையக் கேக்கப்படாது.” அப்பா அதை அப்படியே செய்தார். அது அப்படித்தான் செய்யவேண்டியது என்று பிறகு தெரிந்தபோது என்னைவிட ஆச்சரியப்பட்டவர் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கி ஏறியது, சக்கரம் இறங்கியது, அம்மா பழந்துணி கொண்டுவந்தாள், துருப்பிடித்த போல்ட்டுக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள், காபி கொண்டுவந்தாள், காலி டம்ளரைக் கொண்டுபோனாள், உள்ளே குக்கருக்குப் போனாள், வெளியே அப்பாவுக்கு வந்தாள். ஸ்ட்ரட்டின் இடுப்பில் ஒரு கிளிப், அந்தக் கிளிப்பில் பிரேக் பைப். கிளிப்பும் பைப்பும் பல வருஷத் துருவில் ஒன்றோடு ஒன்று கல்யாணமாகிப் போயிருந்தன. அப்பா கிளிப்பைத் திருகினார், கூடவே பைப்பும் ஈரத்துணி பிழிகிற மாதிரி திருகிக்கொண்டது, ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தேன் நிறத்தில் பிரேக் ஆயில் வழிந்தது, தரையில் விழுந்து ஒரு வினாடி யோசித்தது, பிறகு எலுமிச்சம்பழம் போகிற வழியைப் பிடித்து, ஒவ்வொரு வாசலையும் நக்கிக்கொண்டு, ஊட்டி ரோடு வரைக்கும் ஒரே கோடாய் இறங்கிப் போனது.

“சாந்தா, ஒரு துணி” என்றார் அப்பா. அம்மா ஏற்கெனவே துணிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீதியில் எதுவும் நிற்கவில்லை.

என் தம்பி கவின் அடித்த பந்து சுவரில் பட்டு எதிர்ச்சுவரில் பட்டு முதல் சுவருக்கே திரும்பி வந்து, அப்படியே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது, பின்னாலேயே கவினும். ஆறுச்சாமி மாமாவின் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருந்தது, அவர் காலை ஊன்றினால் காலும் சேர்ந்து ஆடியது. தையல்கார மகேஸ்வரியக்காவின் மிஷின் ஜாக்கெட் ஓரத்தைத் தைத்து முடித்து, ஓரத்தைத் தாண்டி அளவுத்துணிக்குள் போய், அங்கிருந்து ஜன்னல் திரைக்கு ஏறி, திரையைக் கட்டில் விரிப்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்து வீட்டு பிலோமினா சிஸ்டர், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், மகேஸ்வரியக்காவின் ஜன்னலைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு தீர்ந்துபோன பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். குழாயை மூடினாலும் தண்ணீர் வந்தது. நான் அந்த நேரம் சிலிண்டர்காரர் குரலில் “கேஸேய்” என்று கூவிக் கொண்டிருந்தேன், அது தானாகவே பூசாரி குரலாகி, பால்காரர் குரலாகி, எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலாகி, “பிரேயர்ல யாரது பேசறது” என்று என்னையே அதட்டியது.

ஆறுச்சாமி மாமாவின் சம்சாரம் வெளியே வந்து, “ஏனுங்க, சோத்துக்கு வாங்க” என்று சொல்லிப் பார்த்து, வராதவரை ஊஞ்சல் கயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். ஊஞ்சல் நின்றது. மாமா நின்றார். வீதி அதைப் பார்த்துப் புரிந்துகொண்டது: நம்மை நாமே நிறுத்த முடியாது, அடுத்தவர் பிடித்தால் நிற்கலாம். இதில் பயப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. பவானியில் வெள்ளம் வந்தால் பாலத்தில் போகாமல் சுற்றிப்போகிறோம் இல்லையா, அந்த மாதிரி ஒரு ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது, அவ்வளவே.

சாயங்காலத்துக்குள் ஏற்பாடு வந்துவிட்டது. வீதியின் அடிவாரத்தில், ஊட்டி ரோட்டுக்கு முன்னால், ஆளுக்கொரு மெத்தை கொண்டுவந்து சுவராக அடுக்கினார்கள். வாசலுக்கு வாசல் ஒரு ஆள் நின்றார், அவருக்குப் பிடிகாரர் என்று பெயர் வந்தது. மேலேயிருந்து இறங்குகிறவர் தன் வீடு நெருங்கும்போது “ஏனுங்க, புடிங்க” என்று குரல் கொடுப்பார், பிடிகாரர் கையை நீட்டிப் பிடித்து நிறுத்துவார், பிடித்தவர் நகரப் போனால் அவரை நிறுத்த இன்னொருவர் தயாராக இருப்பார். வீட்டுக்குள்ளும் அதே கதை. பல் தேய்க்கிறவருக்குப் பக்கத்தில் ஒருவர், தோசைக்கு மாவு ஊற்றுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர். புதுசாய்க் கல்யாணமான கீழ்வீட்டு ஜோடி இந்த ஏற்பாட்டில் மிகவும் சந்தோஷமாக இருந்தது. சண்டை போட நினைத்தவர்கள் வாயைத் திறக்கும் முன் யோசித்தார்கள், ஏனென்றால் ஆரம்பித்த சண்டையை மூட மூன்றாவது ஆளைத் தேடவேண்டும்.

மகேஸ்வரியக்காவும் பிலோமினா சிஸ்டரும் ஒரு முருங்கைக் கிளை சுவர் தாண்டிய நாளிலிருந்து பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், ஆனால் பக்கத்து வாசல் பக்கத்து வாசலைத்தானே பிடிக்கவேண்டும்.

“புடிச்சதுக்காகப் பேசறேன்னு நெனச்சுக்கப்படாது” என்றார் மகேஸ்வரியக்கா.

“நானும் உங்க மேல உழுகோணும்னு வரலைங்க” என்றார் சிஸ்டர்.

பேச்சு தொடங்கிவிட்டது, இனி நிற்காதே, முருங்கையில் தொடங்கி முருங்கைக்கு முந்திய காலத்துக்குப் போய், யார் யாருக்கு என்ன பலகாரம் கொடுத்து அதில் யார் உப்பு இல்லை என்று யாரிடம் சொன்னது வரைக்கும் போய், கடைசியில் இரண்டு பேரும் அழுதுகொண்டே பேசினார்கள். நான்தான் இரண்டு பேர் வாயிலும் கை வைத்து நிறுத்தினேன். நிறுத்தியதற்கு இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

கவுன்சிலர் வந்தார். “இந்தப் பிரச்சினையை நான் நேரடியாக” என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததை வைத்துக்கொண்டு சாக்கடை, தெருவிளக்கு, அவர் படித்த பள்ளிக்கூடம், அவர் மாமனாரின் தென்னந்தோப்பு எல்லாவற்றுக்கும் போய்வந்தார். மரியாதைப்பட்ட ஆளின் வாயில் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை, அதனால் பேசப் பேச அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஊட்டி ரோட்டில் வைத்தார்கள். ஆயில் கோடு முடிகிற இடத்தில் ‘நட’ என்று நின்றுபோனார், ‘வடிக்கை’ வெளியில் வரவே இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் உலகம் பழையபடிதான் இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது அம்மாவுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. துணிக்குப் போனவள் துணியோடு வந்தாள், துடைத்தாள், பிழிந்தாள், குக்கரை இறக்கினாள், பாத்திரம் கழுவினாள், கூட்டினாள், மாவு கரைத்தாள், துணி மடித்தாள், மடித்ததை அடுக்கினாள், அடுக்கியதில் ஒன்றை எடுத்துக் கவினுக்குப் போட்டுவிட்டாள். வீதி முழுக்க ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

கவின்தான் கேட்டான், ஒரு மத்தியானம், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தக் காத்திருந்தபோது.

“அக்கா, அம்மா ஏன் உக்காரவே மாட்டேங்கறாங்க?”

“எப்பக் கண்ணு உக்காந்தா?” என்றேன் அப்பாவின் குரலில், சிரிப்புக்காகத்தான்.

சிரிப்பு வரவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். அம்மா உட்கார்ந்த மாதிரி ஒரு படம் என் தலைக்குள் தேடினேன், கல்யாண ஆல்பத்தில் ஒன்று கிடைத்தது, அதற்குப் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தரையைப் பார்த்தேன். சமையல்கட்டிலிருந்து வாசல் வரைக்கும் வெள்ளை டைல்ஸில் சிவப்பாய்ப் பாதத்தின் பாதி, பாதத்தின் பாதி, என்று ஒரு வரிசை போயிருந்தது, அதன் பின்னாலேயே அம்மா துடைப்பத்தோடு வந்து தன் குதிகால் வெடிப்பிலிருந்து வந்ததைத் தானே துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் மறுபடி மிதித்தாள். மறுபடி துடைத்தாள். அவள் கண் மூடியிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிலோமினா சிஸ்டரைக் கூட்டிவந்தேன். அவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே சமையல்கட்டுக்கும் கொல்லைக்கும் நடந்து நாடியை எண்ணினார், எண்ணுவதை நிறுத்த மகேஸ்வரியக்கா அவரைப் பிடிக்கவேண்டியிருந்தது.

“சிகாமணி தம்பி” என்றார் சிஸ்டர், “காலு புண்ணு ஆறிப்போகும். இது நெஞ்சு. நாடி தடுமாறுது. இப்படியே இன்னுங் கொஞ்ச நாள் போச்சுன்னா ஒரு நாள் நிக்கும், யாரும் புடிக்காமயே.”

அப்பா ஸ்பேனரைக் கீழே போட்டார். அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்தார். அம்மா நின்றாள். கண்ணைத் திறந்து, இது யார் வீடு என்பதுபோலப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது, அப்பாவின் தொண்டை காய்ந்தது, அப்பா அம்மாவைப் பிடித்த பிடி விடாமலே சொன்னார்:

“சாந்தா, சித்த தண்ணி கொண்டா.”

“இதா வர்றேன்” என்று அம்மா அவர் கைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் குறை சொல்ல யோக்கியதை உள்ளவர்கள் அங்கே இல்லை, ஏனென்றால் அடுத்துப் பிடித்த நானும் “அம்மா, என் சீப்பு எங்க?” என்றுதான் கேட்டேன், கவின் பிடித்தபோது “பசிக்குது” என்றான். பிடிக்கிற கையும் கூப்பிடுகிற வாயும் ஒரே ஆளிடம் இருந்தால் பிடித்து என்ன பிரயோஜனம்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகலாம் என்றார் ஆறுச்சாமி மாமா. கவுன்சிலரைத் தூக்கின அதே நாற்காலியில் அம்மாவைத் தூக்கினோம், நாற்காலிக்கு மேலேயும் அவள் கால் நடந்துகொண்டிருந்தது. ஊட்டி ரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். கால் நின்றது. அம்மா உட்கார்ந்தாள். பஸ்ஸும் லாரியும் போவதைப் பார்த்தாள், தன் முழங்கால் இரண்டையும் பார்த்தாள், எங்கேயோ வைத்து மறந்த சாமான் கிடைத்த மாதிரி அவற்றைத் தடவிப் பார்த்தாள். நான் டீ சொன்னேன். டீ வருவதற்குள் அம்மா சொன்னாள்:

“அரிசி ஊறப் போட்டிருந்தனே. புளிச்சுப் போயிரும்.”

எழுந்தாள், புடவையை இடுப்பில் செருகினாள், ரோட்டைக் கடந்து, மெத்தைச் சுவரைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மேட்டில் ஏறிப் போனாள். யாரும் அவளை இழுக்கவில்லை. அவளாகத்தான் போனாள்.

ஆகவே காரைச் சரிசெய்தாகவேண்டும்.

அப்பா அதுவரைக்கும் சும்மா இருந்தாரென்று நினைக்கவேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து புதுப் பைப் வாங்கிவந்து, வாகாக வளைத்து வைத்திருந்தார். ஆனால் நட்டை முறுக்க ஆரம்பித்தால் கை நிற்காது, முறுக்கி முறுக்கி நட்டின் மரை போய்விடும், மறுபடி புது நட்டு, மறுபடி முறுக்கு. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரியான நேரத்தில் மணிக்கட்டைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், எது சரியான நேரம் என்று தெரிந்த ஆளாக இருக்கவேண்டும், அப்படிப்பட்ட ஆள் அந்த வீதியில் ஒருவர்தான், அவரிடம் அப்பா கேட்கமாட்டார்.

நான் கேட்டேன். வேலியோரமாய் நின்று அப்பாவின் குரலில், “ஆறுச்சாமிண்ணா, சித்த வந்து கையப் புடிக்கறீங்களா?” என்றேன். மாமா ஊஞ்சலை விட்டு இறங்கி வந்தபோது அப்பா காருக்கடியில் இருந்தார்.

“கூப்புட்டியாமே.”

“நானா?”

“நீதான். பரவால்ல, வெக்கப்படாதே” என்று மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்பா அவர் முழங்காலுக்கு நடுவிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அப்படித்தான் இரண்டு ஸ்ட்ரட்டும் ஏறின. மேலே மூன்று நட்டு, கீழே இரண்டு போல்ட்டு, ஒவ்வொன்றுக்கும் அப்பா முறுக்குவார், மாமா கண்ணை மூடி அந்த இறுக்கத்தைத் தன் உள்ளங்கையில் கேட்டுக்கொண்டிருப்பார், “போதும்” என்று பிடிப்பார்.

“காயலான் கடைக்குப் போன் போட்டாச்சுங்களாண்ணா?” என்று அப்பா கேட்டார்.

“அவன் எடுக்க மாட்டேங்கறான் சாமி. நீ முறுக்கு.”

ஜாக்கியை இறக்கியபோது கார் ஆடவில்லை. புதுச் செருப்புப் போட்ட பையன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. பைப்பும் மாட்டியாயிற்று, ஆயிலும் ஊற்றியாயிற்று. மிச்சம் ஏர் எடுக்கிற வேலை. பைப்புக்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது, அதனால் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார், சக்கரத்தடியில் இருப்பவர் “பிடி” என்றால் மிதித்த காலை அப்படியே அழுத்திப் பிடித்திருக்கவேண்டும், அவர் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடி, “விடு” என்றால்தான் விடவேண்டும். பிடிக்கவேண்டியபோது விட்டால் வெளியே போன காற்று உள்ளே ஏறிக்கொள்ளும்.

மாமா ஏறி உட்கார்ந்தார். மலைப் பஸ்ஸை மிதித்த கால், ஒரே மிதியில் ஆயில் பீய்ச்சி அப்பாவின் மீசையில் தெறித்தது. “இது பஸ் இல்லீங்ணா” என்று அப்பா துப்பினார். நான் ஏறினேன். அப்பா “பிடி” என்றார், நானும் அப்பா குரலிலேயே “பிடி” என்றேன், என் வாய் அத்தோடு நிற்குமா, “விடு” என்றும் சொல்லி, என் காலே அதை நம்பி விட்டுவிட்டது. கீழேயிருந்து குமிழி விடுகிற சத்தம் கேட்டது, பிறகு அப்பாவின் தலை வந்தது.

“கோதை, எறங்கு.”

“யாரு மிதிக்கறது அப்பறம்?”

அப்பா சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். காருக்கு வைத்தியம் பார்த்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யார் மிதித்தது என்று எல்லோருக்கும் தெரியும். கையில் கரண்டியோடு வந்து, சீட்டின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும், ஒரு கால் வெளியே, ஒரு கால் பெடலில், முடிந்ததும் ஓடிவிடுகிற ஆள். அப்பா காருக்கடியிலிருந்து வெளியே நிற்கிற அந்தக் காலை மட்டும்தான் பார்த்திருப்பார்.

“சாந்தா மிதிச்சாத்தான் எனக்குத் தெரியும்” என்றார் அப்பா, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சக்கரத்தைப் பார்த்து.

அம்மாவைக் கூட்டிவந்தோம். முழுசாக உட்காரவைத்து, கதவைச் சாத்தி, சீட் பெல்ட்டைப் போட்டோம். பெல்ட்டுக்கு வாய் இல்லை, அது யாரையும் தண்ணி கேட்காது, அதனால் அந்தப் பிடி நின்றது. அம்மாவின் கால் பெடலை மிதித்தது, நன்றாகவே மிதித்தது, மிதிப்பதைத்தானே இத்தனை நாளாகச் செய்துகொண்டிருக்கிறது.

“பிடி” என்றார் அப்பா.

அம்மா பிடித்தாள். சக்கரத்தடியில் காற்று சீறியது.

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து கவின் கத்தினான்: “அம்மா, என் சட்டை?”

அம்மாவின் கால் எழுந்தது. காற்று உள்ளே போனது. மறுபடி மிதி, மறுபடி பிடி, பிடித்த அதே வினாடியில் கீழ்வீட்டுப் புதுப்பெண் “சாந்தாக்கா, சித்த உறைமோர் இருக்குங்களா?” என்றாள். மறுபடி எழுந்தது. மறுபடி பிடி, திருப்பூரிலிருந்து அத்தை போனில் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில், “சாந்தா, சாந்தா” என்று. வாயை மூடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லலாம், சொன்னோம், ஆனால் கூப்பிட ஆரம்பித்தவர்கள் நிற்பார்களா, அந்த வீதியில் எதுதான் நின்றது, போனுக்குள்ளிருந்து வந்த குரல் உட்பட, சட்டை, உறைமோர், சாந்தா, சட்டை, உறைமோர், சாந்தா என்று மூன்று பக்கமும் மணியடித்துக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு மணிக்கும் அம்மாவின் உடம்பு பெல்ட்டுக்குள் எக்கி எக்கி விழுந்தது. சிஸ்டர் ஜன்னல் வழியாய்க் கையை விட்டு நாடியைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் நிறைய நேரம் இல்லை என்று இருந்தது.

நான் யார் குரலும் பேசுவேன். பூசாரி, பால்காரர், கவுன்சிலர், ஹெட்மிஸ்ட்ரஸ், ஆறுச்சாமி மாமா, செத்துப்போன டீக்கடை நாயரின் இருமல் உட்பட எல்லாம் என் தொண்டையில் இருக்கிறது. அம்மா குரல் மட்டும் நான் பேசியதே இல்லை. பேசினால் யார் சிரிப்பார்கள்? அதில் பிடித்துக்கொள்ள ஒரு வளைவு இல்லை, ஒரு இழுவை இல்லை, தேடிப் பார்த்தால் அந்தக் குரலில் மொத்தமே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

காருக்கும் வீட்டுக்கும் நடுவில் போய் நின்றேன்.

“இதா வர்றேன்” என்றேன்.

சரியாக வரவில்லை. ரொம்பச் சத்தம். அம்மா அப்படிச் சொல்லமாட்டாள், சொல்லும்போதே பாதி வந்திருப்பாள், மூச்சு வாக்கியத்துக்கு முன்னால் ஓடும். நான் மூச்சை முன்னால் ஓடவிட்டேன்.

“இதா வர்றேன்.”

கவின் அடங்கினான். அம்மா வருகிறாள் என்று தெரிந்தால் போதும் அவனுக்கு, வந்தாளா என்பது பிறகு. உறைமோர்க்காரி ஒரு தடவை கூப்பிட்டாள், “இதா வர்றேன்” என்றேன், அவளும் அடங்கினாள். போனைப் பார்த்துச் சொன்னேன், திருப்பூர் அடங்கியது. பூசாரி எதற்கோ கூப்பிட்டார், மகேஸ்வரியக்கா ஊசி கேட்டார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீதிக்கே சொன்னேன், இதா வர்றேன், இதா வர்றேன் என்று, என் வாய் நிற்கவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக நிற்கவேண்டாம் என்றும் இருந்தது.

காருக்குள் அம்மா தலையைத் திருப்பினாள். தன் குரல் தனக்கு வெளியே நடந்து போவதைக் கேட்டாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

“நான் அப்படியா பேசறேன்?” என்றாள், யாரிடமோ.

“ஆமாங்க்கா” என்றார் மகேஸ்வரியக்கா.

அம்மா திரும்பி நேராக உட்கார்ந்தாள். முதுகு சீட்டில் பட்டது. அந்த முதுகு சீட்டில் பட்டதை ஆறுச்சாமி மாமாவும் பார்த்தார், பார்த்துவிட்டு ஏனோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மிதி” என்றார் அப்பா. மிதித்தாள். “பிடி.” பிடித்தாள். காற்று வந்தது, குமிழி வந்தது, குமிழியோடு ஆயில் வந்தது. “விடு.” தூரத்துச் சக்கரம் முதலில், பிறகு அதன் ஜோடி, பிறகு முன்சக்கரங்கள், மாமா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே நகர்ந்தார், நான் வீதியில் அம்மாவாகிக்கொண்டே இருந்தேன். கடைசிச் சக்கரத்தில் குமிழி இல்லாமல் ஆயில் மட்டும் நூலாய் இறங்கியது. பெடல் கல் மாதிரி இறுகியது. அப்பா நிப்பிளை மூடினார். மாமா மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார், அதற்குள் அப்பாவின் கை தானாகவே நின்றிருந்தது.

“முடிஞ்சுது சாந்தா. விடு.”

அம்மா விடவில்லை.

“சாந்தா, விடலாம்.”

“சித்த இருங்க” என்றாள் அம்மா.

அவள் கால் பெடலில் இருக்க, பாறைமேட்டு வீதி அப்படியே இருந்தது. பந்து சுவருக்கும் சுவருக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது. மகேஸ்வரியக்காவின் ஊசி துணிக்கு ஒரு முடியளவு மேலே நின்றது. குழாயின் நுனியில் ஒரு சொட்டு விழாமல் வீங்கிக்கொண்டு நின்றது. எங்கள் அடுப்பில் பொங்கி வந்த பால் பாத்திரத்தின் விளிம்பில் ஏறி, வெள்ளையாய், வட்டமாய், அணைக்க ஆள் தேடாமல் நின்றது. காருக்கடியில் அப்பா முகத்தில் ஆயிலோடு படுத்தபடி, பெடலை அழுத்திப் பிடித்திருக்கிற, குதிகால் வெடித்த அந்தப் பாதம் இருக்கிற பக்கமாய்ப் பார்த்துக்கொண்டு நின்றார், படுத்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் நின்றார். சிஸ்டரின் விரலுக்கடியில் அம்மாவின் நாடி மட்டும் நிதானமாக, அவசரமில்லாமல், போய்க்கொண்டிருந்தது.

அம்மா கண்ணை மூடினாள். தலையைச் சீட்டில் சாய்த்தாள். காலை எடுக்கவில்லை.

கீழ்க் கோடியிலிருந்து யாரோ “சாந்தா” என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். ‘இதா’ என்பது என் வாயிலிருந்து வெளியே வந்து, வீதியின் சரிவில் இறங்கப் போய், எங்கள் கேட்டுக்கு முன்னால் அப்படியே நின்றது. ‘வர்றேன்’ என் தொண்டைக்குள் இருந்தது. அது வெளியே வருவதற்கு அம்மா காலை எடுக்கவேண்டும், அவள் எடுக்கிறபோது எடுக்கட்டும் என்று வீதி முழுக்கக் காத்திருந்தோம்.